பெல் ஹவுசிங்கில் சொட்டிய ஆயில்: மூன்று மாதம் தேடிய கதை

வண்டி விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 மாடல் டீசல் பிக்கப், நாலு சிலிண்டர், டர்போ உண்டு, இந்தக் கதை தொடங்கியபோது ஓடியிருந்தது 1,86,000 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி பழநி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போய் இறக்குவதுதான் அதன் பிழைப்பு, என் பிழைப்பும் அதுதான். வாரத்தில் இரண்டு நாள் கொடைக்கானலுக்கு உரமும் மளிகையும் ஏற்றிப்போய், கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு வரும். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, தப்பு கம்பெனியுடையது இல்லை என்பதால்.

ஒழுகுவதை முதலில் பார்த்தது நான் இல்லை, என் மனைவி. விடிகாலையில் வாசல் தெளித்தபோது வண்டிக்கு அடியில் தண்ணீர் மேல் வானவில் மாதிரி நிறம் படர்ந்திருக்கிறது. "உங்க வண்டி வாசலை நாசம் பண்ணிருச்சுங்க" என்று சத்தம் வந்தது. சாக்கை விரித்துப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடிமுனையில், ஒரு கறுப்புச் சொட்டு விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சொட்டை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், இதுதான் முதல் பரிசோதனை. கியர் ஆயில் என்றால் கந்தக நாற்றம் அடிக்கும், ஒருமுறை முகர்ந்தவனுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. டீசல் என்றால் வாசனையே சொல்லிவிடும், விரலில் பிசுபிசுப்பும் குறைவு. பவர் ஸ்டியரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி இருக்கும், பெயிண்ட்டைத் தின்றுவிடும். என் விரலில் இருந்தது கரி கலந்த கறுப்பு, கொஞ்சம் கருகிய வாடை. டீசல் வண்டியின் இன்ஜின் ஆயில், சந்தேகமே இல்லை.

இதுவரை சரியாகத்தான் போனேன். சறுக்கியது அடுத்த அடியில்.

வழக்கமாகப் போகும் பட்டறையில் வண்டியைப் பிட்டில் ஏற்றினோம். அடியில் இறங்கிப் பார்த்த மெக்கானிக் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "பேக் சீல் போயிருச்சு தம்பி, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் முனையில், அதோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலுக்கு உள்பக்கம், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீலைத்தான் பேக் சீல் என்பார்கள். பெல் ஹவுசிங்கில் ஆயில் சொட்டினால் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள், நானும் நம்பினேன். சீலின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அதைத் தொட, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைப் பிரித்து, ஃபிளைவீலை எடுக்க வேண்டும். சீல், கூலி எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய், இரண்டு நாள் ஓட்டம் போனது தனி. கியர்பாக்ஸ் கீழே இருந்தபோது சும்மா இருக்காமல் போனில் நாலு போட்டோ எடுத்து வைத்தேன். அது பின்னால் உதவியது, ஆனால் எடுத்த அன்றே கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் இன்னும் உதவியிருக்கும்.

ஒன்பதாவது நாள் வாசலில் மறுபடி வானவில்.

பட்டறைக்குப் போய்ச் சண்டை போடலாம் என்றுதான் கிளம்பினேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன். சீலைத் தப்பாக மாட்டினார் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? எவ்வளவு ஒழுகுகிறது, எப்போது ஒழுகுகிறது என்று கேட்டால் எனக்கே தெரியாது. அன்றிலிருந்து கணக்கு எழுத ஆரம்பித்தேன். தினமும் காலையில், வண்டி ஆறிய பிறகு, வாசலில் அதே சமமான இடத்தில் ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து அளவு பார்ப்பது. குறைந்ததை நிரப்ப ஒரு அளவு வேண்டும். நல்லவர்கள் வீட்டில் அளவு ஜாடி இருக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு குவார்ட்டர் பாட்டில், சரியாக 180 மில்லி, அரசாங்கம் அளந்து கொடுத்தது. ஸ்டிக் பழைய கோட்டுக்கு வரும்வரை அதிலிருந்து ஊற்றி, மீதியைப் பார்த்து எழுதிக்கொள்வேன். ராத்திரியில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்து, காலையில் சொட்டை எண்ணுவேன்.

பத்து நாள் எழுதியதில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 300 மில்லி குறைகிறது. ராத்திரி முழுக்க அட்டையில் விழுவதோ நாலு அல்லது ஐந்து சொட்டு. ஒரு மில்லிக்கு சுமார் 20 சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காடு போய்வர 270 கிலோமீட்டர், அதற்கு 81 மில்லி, அதாவது 1,600 சொட்டுக்கு மேல். ஓடும்போது 1,600, நிற்கும்போது 5! அப்படியென்றால் நான் வாசலில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்ததெல்லாம் ஒழுக்கே இல்லை, பகலெல்லாம் ஒழுகியதில் ஒட்டியிருந்த மிச்சம். நிஜ ஒழுக்கு இன்ஜின் ஓடும்போது, அதுவும் திணறும்போது. கொடைக்கானல் போன நாட்களில் தூரம் குறைவு, ஆயில் குறைந்ததோ பாலக்காட்டுக்குப் போனதைவிட அதிகம்.

ஆயில் ஒழுகாமல் உள்ளே எரிந்தும் குறையலாம் என்று ஒருவர் கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் மலையில் மிதிக்கும்போதும் பின்னால் ஒரு ஆளை நிற்க வைத்துப் பார்த்தேன், நீலப் புகை இல்லை. அடிப்பக்கம் முழுக்க, பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் வரைக்கும், எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடந்தது. ஆயில் வெளியேதான் போகிறது.

அப்போதுதான் அந்த போட்டோக்கள் ஞாபகம் வந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். கழற்றிய ஃபிளைவீலுக்குப் பின்னால், பழைய சீல் இருந்த இடத்தைச் சுற்றி, சாம்பல் நிறத்தில் கிளட்ச் தூள் படிந்திருக்கிறது. காய்ந்த தூள், ஊதினால் பறக்கும் போல. சீலில் ஆயில் ஒழுகியிருந்தால் அந்தத் தூள் கறுப்புச் சேறாக அப்பியிருக்க வேண்டும், கிளட்ச் பிளேட்டிலும் தெறித்து, வண்டி எடுக்கும்போது உதறியிருக்கும், மலையில் வழுக்கியிருக்கும். எனக்குக் கிளட்ச் ஒரு நாளும் உதறவில்லை. பெல் ஹவுசிங்குக்கு உள்ளே பாலைவனம், வெளியேதான் ஈரம். இதை கியர்பாக்ஸ் இறக்காமலே பார்த்திருக்கலாம், அதுதான் வயிற்றெரிச்சல். அடியில் ஒரு சின்னத் தகடு மூடி இருக்கிறது, இரண்டு போல்ட்டைக் கழற்றினால் ஃபிளைவீலின் கீழ்ப்பக்கம் தெரியும். பத்து நிமிட வேலை. 6,200 ரூபாயை அந்த இரண்டு போல்ட் காப்பாற்றியிருக்கும்.

சரி, வெளியே ஈரம் என்றால் அது எங்கிருந்து வருகிறது? பிக்கப்பில் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், பின்பக்கம் கொஞ்சம் தாழ்வாக. வண்டி ஓடும்போது ரேடியேட்டர் ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் எல்லாவற்றையும் பின்னால் தள்ளும். அதனால் இன்ஜினில் எங்கே ஒழுகினாலும் ஆயில் கடைசியில் வந்து சேரும் இடம் பெல் ஹவுசிங்தான். ஊர்ச் சாக்கடையெல்லாம் ஒரே ஓடையில் கலக்கிற மாதிரி. ஓடையைப் பார்த்து எந்த வீட்டுத் தண்ணீர் என்று சொல்ல முடியுமா? இன்ஜின் ஹெட்டை மேலே மூடும் டேப்பட் கவரின் பேக்கிங், ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையமான ஓரிங், ஆயில் கூலர் பேக்கிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய், பிரேக்குக்காகக் காற்றை உறிஞ்சும் வாக்கும் பம்ப், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரின் பேக்கிங், ஸ்டிக் குழாயின் ஓரிங் என்று சந்தேகப்பட ஆள் நிறைய உண்டு.

அழுக்கு இன்ஜினில் ஒழுக்கைத் தேடக் கூடாது, முதலில் கழுவ வேண்டும். ஒரு ஞாயிறு மதியம் இன்ஜின் ஆறியதும், ஆல்டர்னேட்டரையும் ஒயர் கனெக்டர்களையும் கேரி பேக் சுற்றிக் கட்டிவிட்டு, டீசலும் பிரஷ்ஷும் வைத்து மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடித்தால் சீக்கிரம் முடியும், ஆனால் கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்தால் ஆயில் ஒழுக்கை விட்டுவிட்டு சென்சார் பின்னால் அலைய வேண்டியிருக்கும். கடைசியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டேன். சாயங்காலம் பானெட்டைத் திறந்தபோது ஷோரூமில் எடுத்த நாளில்தான் இன்ஜினை இந்த நிறத்தில் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

அதன் மேல் பவுடர். மெல்லிய வேட்டித் துணியில் முகப்பவுடரை மூட்டையாகக் கட்டி, இன்ஜினின் பின்பக்கம், பக்கவாட்டு, பெல் ஹவுசிங் எல்லாவற்றிலும் தட்டித் தட்டி வெள்ளையாக்கினேன். வீட்டில் கோலமாவு இருக்கிறதே என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டாம், அது கல் பொடி, பேரிங்கிலும் பெல்ட்டிலும் புகுந்தால் வேறு செலவு. பவுடர் என்றால் ஆயில் பட்ட இடம் மட்டும் ஈரமாகிக் கறுக்கும், வந்த வழி கோடு போட்ட மாதிரி தெரியும். ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து ஊதா டார்ச் அடித்துப் பார்க்கும் முறையும் உண்டு, புது ஆயிலில் நன்றாகத் தெரியும். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடுவதால் சாயத்தின் ஒளி மங்கிவிடுகிறது, அதனால் நான் பவுடரோடு நிறுத்திக்கொண்டேன்.

பவுடர் போட்டுவிட்டு பழநி மலைப்பாதையில் பாதி தூரம் ஏறி, வளைவில் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, ஒரு சின்னக் கண்ணாடியை, கேபினையும் இன்ஜினையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே விட்டு டார்ச் அடித்தேன். கண்ணாடி என் மகளுடைய பொட்டு வைக்கும் கண்ணாடி, அவளுக்குத் தெரியாது. அதில் தெரிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. டேப்பட் கவரின் பின் மூலையில், ஒயர் கட்டு மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குப் பவுடர் கறுத்திருந்தது. அங்கிருந்து ஹெட்டின் பின்முகம் வழியாக ஒரு கோடு, பிளாக்கில் இறங்கி, பெல் ஹவுசிங்கின் தலையில் விழுந்து, இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் வளைந்து கீழே போய்ச் சேர்ந்திருந்தது. கீழே எல்லாம் பளபளவென்று ஈரம். மேலே வெறும் விரல் அகலம். இது போக ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைச் சுற்றிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வியர்த்திருந்தது, சொட்டவில்லை.

ரப்பர் பேக்கிங் 480 ரூபாய். நானே மாற்றினேன். கவரின் பள்ளத்திலும் ஹெட்டின் மேல்முகத்திலும் இருந்த பழைய பேஸ்ட்டை மரக்குச்சியால் சுரண்டி, துடைத்து, மூலைகளில் மட்டும் சிலிக்கான் பேஸ்ட் ஒரு பொட்டு வைத்து, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச்சில் முறுக்கினேன். அவை 6 எம்எம் போல்ட், 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகவே கூடாது. பலமாக முறுக்கினால் பேக்கிங் நசுங்கி இன்னும் ஒழுகும், அல்லது போல்ட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். முடித்துவிட்டுக் கை கழுவும்போது ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதைச் சொல்ல வேண்டாம்.

பெருமை பன்னிரண்டு நாள் நீடித்தது. டேப்பட் கவர் மூலை காய்ந்தே இருக்கிறது, ஆனால் ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றி ஈரம், ஸ்டிக்கின் வாயில் ஈரம், முன்பக்கம் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புதிதாக ஒரு கறுப்பு வளையம். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை. அடுத்ததாக முன் சீலை வாங்கக் கடைக்கே போய்விட்டேன். கடை பூட்டியிருந்தது, அன்று அமாவாசை. அந்த அமாவாசை என் பணத்தைக் காப்பாற்றியது, ஏனென்றால் அன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்.

சித்தப்பா அரசு பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கதையை முழுக்கக் கேட்டார். "ஏண்டா, கூரையில எல்லா மூலையிலயும் தண்ணி வந்தா ஓட்டை மாத்துவியா, மழையப் பார்ப்பியா?" என்றார். எழுந்து போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அந்தத் துளையின் மேலேயே சும்மா வைத்தார். மூடி கொதிக்கும் பானையின் தட்டு மாதிரி படபடவென்று ஆடி, ஒரு பக்கமாக நகர்ந்து கீழே விழுந்தது. "உள்ள காத்து முட்டுது. போக வழி இல்லை. அதான் கிடைச்ச இடத்துல ஆயிலைத் தள்ளுது."

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இதுதான். எவ்வளவு நல்ல இன்ஜின் ஆனாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே சேம்பருக்குள் இறங்கும். லோடு ஏறினால் கூடுதலாக இறங்கும். அந்த வாயு வெளியேற ஒரு வழி வைத்திருப்பார்கள், அதுதான் பிரீதர். டேப்பட் கவரின் மேல் ஒரு பெட்டி மாதிரி இருக்கும், அதில் வாயுவோடு வரும் ஆயில் துளிகள் பிரிந்து உள்ளே திரும்பிவிடும், வாயு மட்டும் ஒரு ஹோஸ் வழியாக டர்போவுக்கு முன்னால் காற்றுக் குழாயில் சேர்ந்து மறுபடி எரியப் போகும். பழைய வண்டிகளில் இந்தக் குழாயைத் தரையைப் பார்த்துத் திறந்து விட்டிருப்பார்கள். இந்த வழி அடைத்துக்கொண்டால் வாயு சேம்பருக்குள்ளேயே முட்டும். சீல், பேக்கிங், ஓரிங் எல்லாம் ஆயில் தெறிப்பதைத் தடுக்க வைத்தவை, உள்ளிருந்து காற்று தள்ளினால் தாங்குபவை இல்லை. எது பலவீனமோ அது முதலில் விடும். நான் அதைச் சரிசெய்தால் அடுத்த பலவீனம் விடும்.

மூடி ஆடுவது வெறும் அறிகுறி, அளவு இல்லை. ரிங் தேய்ந்து வாயு அதிகமாக வந்தாலும் மூடி ஆடும், வழி அடைத்திருந்தாலும் ஆடும். முதலாவது என்றால் இன்ஜின் வேலை, லட்சத்தில் செலவு. இரண்டும் வேறு வேறு என்று எப்படிப் பிரிப்பது? சித்தப்பா கேட்டது ஒரு கொத்தனார் மட்டக்குழாய். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், வாங்கி வந்தேன். கண்ணாடி மாதிரி தெரியும் குழாயை ‘யு’ வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஸ்டிக்கை எடுத்துவிட்டு அந்தக் குழாயின் வாயில் ஒரு முனையை இறுக்கமாக மாட்டினோம். எங்கள் வண்டியில் ஸ்டிக் குழாய் ஆயிலுக்கு மேலேயே முடிந்துவிடும், அதனால் உள்ளே இருக்கும் அழுத்தம் நேராகத் தண்ணீரில் தெரியும். சில வண்டிகளில் குழாயின் நுனி ஆயிலில் மூழ்கியிருக்கும், அவற்றில் ஆயில் ஊற்றும் மூடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, குழாய் நீளமாக இருக்கட்டும், தண்ணீர் அளவாக இருக்கட்டும். உள்ளே உறிஞ்சினால் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது.

ஐடிலில் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் வித்தியாசம் 8 சென்டிமீட்டர். 2,500 ஆர்பிஎம்மில் 26. லோடே இல்லாமல், வாசலில் நிற்கும்போதே. 26 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 26 கிராம்தான். ஆனால் டேப்பட் கவர் 50-க்கு 15 சென்டிமீட்டர், 750 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், கவரை உள்ளிருந்து மேலே தள்ளும் விசை பத்தொன்பதரைக் கிலோ வருகிறது. மலையில் லோடோடு ஏறும்போது எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் பேக்கிங் அவ்வளவு நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம். பிரேக் வாக்கும் பம்ப் உறிஞ்சும் காற்றும் இன்ஜினுக்குள்தான் விழுகிறது, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரிலோ அதன் ஹோஸிலோ ஓட்டை இருந்தால் சேம்பரில் காற்று கூடும். பூஸ்டர் ஹோஸை இடுக்கியால் நசுக்கிப் பிடித்தேன், தண்ணீர் அசையவில்லை, அது நிரபராதி. அடுத்து பிரீதர் ஹோஸை டேப்பட் கவர்ப் பெட்டியிலிருந்து உருவினேன். தண்ணீர் சரேலென்று இறங்கியது, அதே 2,500 ஆர்பிஎம்மில் 26 இருந்தது 9 ஆனது. பெட்டியின் வாயிலிருந்து புகை மெல்ல மூச்சு விடுகிற மாதிரி வந்தது, குபுகுபுவென்று இல்லை. சித்தப்பா அந்தப் புகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ரிங் நல்லாருக்கு, பயப்படாதே" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

அடைப்பு ஹோஸில். வெளியே பார்த்தால் ஹோஸ் குண்டாக, கறுப்பாக, புதுசு போலவே இருந்தது. பிளேடால் நீளவாக்கில் அறுத்துத் திறந்தேன். உள்ளே ரப்பர் உப்பி, பஞ்சு மாதிரி பொதபொதவென்று ஆகி, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குக்கூட இடமில்லை. அந்த இடத்திலும் மோரும் கரியும் கலந்த மாதிரி ஒரு பழுப்புக் களிம்பு. ஹோஸின் மேல் அச்சிட்டிருந்த எழுத்தைத் துடைத்துப் படித்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அது தண்ணீர் ஹோஸ். ரேடியேட்டர் பக்கம் போடுவது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பொள்ளாச்சியில் ராத்திரி வண்டியை நிறுத்தியிருந்தபோது எலி பிரீதர் ஹோஸைக் கடித்துவிட்டது. காலையில் லோடு நிற்கிறது, ஒரிஜினல் ஹோஸ் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அளவு சரியாக இருந்ததால் ஒரு துண்டு தண்ணீர் ஹோஸை 60 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு கிளிப் போட்டு, என் கையால் நானே மாட்டிவிட்டுக் கிளம்பினேன். அப்புறம் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி. ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடும் இபிடிஎம் ரப்பர் சுடுதண்ணீரை வருடக்கணக்கில் தாங்கும், ஆயில் பட்டால் உப்பும். பிரீதரில் வருவது முழுக்க ஆயில் ஆவி. இரண்டு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, மெல்லத் தொண்டையை இறுக்கியிருக்கிறது. பட்டறைக்காரரைத் திட்டக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பியது நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன்.

ஒரிஜினல் ஹோஸ் 390 ரூபாய். மாட்டிய பிறகும் தண்ணீர் 9-லேயே நின்றது. பெட்டியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் வலையிலும் அதே பழுப்புக் களிம்பு. ஒரு ராத்திரி டீசலில் ஊறப்போட்டு, ஊதிக் காயவைத்து மாட்டினேன். 2,500 ஆர்பிஎம்மில் 2 சென்டிமீட்டர். மூடியைத் தலைகீழாக வைத்தால் லேசாக நடுங்குகிறது, விழவில்லை. கையோடு காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவின் வாயில் விரல் விட்டுப் பார்த்தேன், லேசான ஈரம், அவ்வளவுதான். சேம்பரில் அழுத்தம் ஏறினால் டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்க முடியாமல் அதன் சீல் வழியாகக் காற்றுப் பக்கம் போகும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடிய கதைகள் உண்டு. அந்த அளவுக்கு நான் போகவில்லை, மலைப்பாதையில் அப்படி ஒன்று நடந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருப்பேனா தெரியாது.

ஹோஸையே எடுத்துவிட்டு ஒரு குழாயைக் கீழே விட்டுவிடு, அடைப்பே வராது என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். ரோடெல்லாம் ஆயில் தெளித்துக்கொண்டு, பின்னால் வரும் பைக்காரன் முகத்தில் புகை அடித்துக்கொண்டு போக எனக்கு மனசில்லை. மழையில் வளைவில் அந்த ஆயிலில் வழுக்குவது நாளைக்கு நானாகவும் இருக்கலாம்.

முன் சீலை மாற்றவில்லை. அழுத்தம் போன பிறகு துடைத்துப் பவுடர் போட்டு இரண்டு வாரம் பார்த்தேன், புல்லிக்குப் பின்னால் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. ஆயில் ஊற்றும் மூடியும் ஸ்டிக்கும் அப்படியே காய்ந்துவிட்டன. டேப்பட் பேக்கிங்கும் ஒருவேளை மாற்றாமலே நின்றிருக்கலாம், ஆனால் பழையதைக் கழற்றியபோது கல் மாதிரி இறுகியிருந்தது, அந்த 480 ரூபாயை நான் அழவில்லை. பிரஷர் ஸ்விட்ச் இன்னும் வியர்க்கிறது, அடுத்த ஆயில் சர்வீஸில் மாற்றிவிடுவேன். 1,000 கிலோமீட்டருக்கு 300 மில்லி குறைந்தது இப்போது ஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது, குவார்ட்டர் பாட்டில் பானெட்டுக்குள் சும்மா கிடக்கிறது, செக்போஸ்டில் ஒருமுறை அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அட்டை விரிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒன்றரை மாதம் சுத்தமாக இருந்தது, வீட்டுப் பூனை அதில்தான் படுக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலையில் பூனைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு, இன்ஜின் பக்கம் இல்லை, கியர்பாக்ஸின் வால் முனைக்கு நேர் கீழே. தொட்டு முகர்ந்தேன். கந்தகம். தேவையே இல்லாமல் கியர்பாக்ஸை இறக்க புரொப்பல்லர் ஷாஃப்ட்டை உருவினோமே, அந்த இடத்து சீல்.